பதினோராம் வகுப்பில் கல்லூரிப் பாடம்: யார் கணக்கில் சேரும்?

(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக ஒரு வரி இருக்கிறது. "கட்டட நிதியிலிருந்து 63,000 ரூபாய் எடுப்பது பற்றி" என்று மட்டும் அச்சிட்டிருக்கிறோம். எதற்காக எடுப்பது என்பதை அச்சில் போடச் செயற்குழுவில் சிலருக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சப்பட வேண்டியவர்கள் நாங்கள்தான். ஆகவே அதைச் சொல்லும் வேலையையும் நாங்களே ஏற்றுக்கொண்டோம்.

சென்ற ஆண்டு ஜூன் மாதம் ஒரு பயிற்சி நிலையத்தார் நம் சங்கத்தைத் தேடி வந்தார்கள். 11, 12ஆம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லூரிப் பாடம் நடத்துவோம், முடித்தால் 12 கிரெடிட் கிடைக்கும், அந்தக் கிரெடிட் பட்டப் படிப்பில் கழிந்துவிடும், அரை வருடப் படிப்பும் செலவும் மிச்சம் என்றார்கள். பளபளப்பான நோட்டீஸ். அதில் புதிய கல்விக் கொள்கையின் பெயர், கிரெடிட் வங்கியின் பெயர் எல்லாம் இருந்தன. நாங்கள் இந்த மன்றத்தைக் கூட்டம் நடத்தக் கொடுத்தோம். நம் பத்திரிகையின் உள் அட்டையில் அவர்களுடைய விளம்பரத்தைப் போட்டோம். சங்கம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று 14 குடும்பங்கள் தலைக்கு 4,500 ரூபாய் கட்டின.

அந்தப் பணம் எப்படி வந்தது என்று நமக்குத் தெரியும். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து மாவு ஆட்டி, இட்லிக் கூடையைச் சைக்கிளில் ஏற்றி அனுப்பும் வீடுகளிலிருந்து வந்தது. தோல் பட்டறைக் கூலியிலிருந்து வந்தது. ஒரு தாயார் அப்போது எங்களிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "அண்ணாச்சி, பிள்ள பள்ளிக்கூடம் படிக்கயிலேயே காலேசு படிப்பு பாதி முடிஞ்சிருமாமே, நெசந்தானா?" நாங்கள் "ஆமாம் அக்கா, சேர்த்துவிடுங்கள்" என்றோம்.

இந்த ஆண்டு அந்த அக்காவின் மகள் பி.காம். சேரப் போனாள். சான்றிதழை எடுத்துக் கல்லூரி அலுவலகத்தில் நீட்டியிருக்கிறாள். "இது எந்தப் பல்கலைக்கழகம் கொடுத்தது?" என்று கேட்டிருக்கிறார்கள். பிள்ளைக்குப் பதில் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை. ஏனென்றால் எந்தப் பல்கலைக்கழகமும் அதைக் கொடுக்கவில்லை.

ஏமாற்றினார்கள் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். அப்படி முடித்தால் அடுத்த ஜூன் மாதம் வேறொருவர் வேறொரு நோட்டீஸுடன் வருவார். ஆகவே இந்தக் கிரெடிட் என்பது என்ன, அதில் எது உண்மை, எது சரக்கு என்று பார்க்க வேண்டியிருக்கிறது. பத்தாவதோடு நின்ற நாங்கள் கடந்த நான்கு மாதமாக ராத்திரி உட்கார்ந்து படித்ததை உங்கள் முன் வைக்கிறோம்.

பள்ளிக்கூடம், கல்லூரி என்ற பெயர்களில் மயங்காதீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். பதினாறு வயதுப் பிள்ளை திருநெல்வேலியில் பிளஸ் ஒன் படிக்கிறது. சீருடை போட்டு, இரட்டைப் பின்னல் போட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. அதன் பெரியப்பா மகள் இங்கே மும்பையில் அதே 11ஆம் வகுப்பு படிக்கிறாள். ஆனால் ஜூனியர் காலேஜுக்குப் போகிறாள். கர்நாடகத்தில் இதே வகுப்புக்குப் பி.யு.சி. என்று பெயர். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் இன்டர்மீடியட். படிப்பு ஒன்று, பெயர்ப்பலகைதான் வேறு.

நம் அப்பாமார் காலத்தில் தமிழ்நாட்டிலும் அப்படித்தான் இருந்தது. 11 வருடம் படித்து எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவன் ஒரு வருடம் பி.யு.சி. படிக்கக் கல்லூரிக்குப் போக வேண்டும். கிராமத்தில் தமிழில் படித்த பையன் திடீரென்று ஆங்கிலத்தில் பாடம் கேட்டு விழிப்பான். "பி.யு.சி. பெயில்" என்ற பட்டத்தோடு திரும்பியவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் அந்த அவமானத்தோடு பம்பாய்க்கு ரயில் ஏறினார்கள் என்பதை இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைக் கேளுங்கள். 1964 முதல் 1966 வரை இருந்த கோத்தாரி குழு பத்து வருடம் பள்ளி, இரண்டு வருடம் மேல்நிலை, மூன்று வருடம் பட்டம் என்று நாடு முழுவதற்கும் ஒரே அளவு சொன்னது. தமிழ்நாட்டில் 1978இல் பிளஸ் டூ வந்தது, பி.யு.சி. போனது. அந்த இரண்டு வருடத்தை அங்கே பள்ளிக்கூடத்தோடு சேர்த்தார்கள். மகாராஷ்டிரத்தில் பெரும்பாலும் கல்லூரியோடு சேர்த்தார்கள்.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறோம்? "உங்கள் பிள்ளை காலேஜில்தானே படிக்கிறான், காலேஜ் கிரெடிட் ஏன் கிடைக்காது?" என்று அந்த நிலையத்தார் கேட்டபோது இந்த மன்றத்தில் எல்லோரும் தலையாட்டினோம். ஜூனியர் காலேஜ் என்ற பெயரை வைத்தே நம்மை மடக்கினார்கள். ஜூனியர் காலேஜ் படிப்பு கல்லூரிப் பட்டத்தின் பகுதி அல்ல. அது 12ஆம் வகுப்பு.

இனி கிரெடிட்டுக்கு வருவோம். 2020 ஜூலை 29ஆம் தேதி மத்திய அரசு புதிய கல்விக் கொள்கைக்கு ஒப்புதல் கொடுத்தது. அடுத்த ஆண்டு, 2021இல், பல்கலைக்கழக மானியக் குழு கிரெடிட் வங்கி என்று ஒன்றுக்கு விதி போட்டது. 2023 ஏப்ரலில் தேசிய கிரெடிட் கட்டமைப்பு வெளியாயிற்று. அதில் ஒரு கணக்கு இருக்கிறது. 30 மணி நேரம் படித்தால் ஒரு கிரெடிட். வகுப்பு, செய்முறை, வீட்டுப் பாடம், தேர்வு எல்லாம் அந்த 30 மணியில் அடக்கம். வருடத்துக்கு 1,200 மணி, அதாவது 40 கிரெடிட். மூன்று வருடப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்கு வருடத்துக்கு 160.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நம் பிள்ளைகளின் சான்றிதழைப் பாருங்கள். 12 கிரெடிட் என்று அச்சிட்டிருக்கிறது. 12 கிரெடிட்டுக்கு 360 மணி நேரம் படித்திருக்க வேண்டும். வகுப்பு நடந்தது 20 ஞாயிற்றுக்கிழமை, நாளுக்கு இரண்டு மணி. மொத்தம் 40 மணி. வீட்டில் இன்னொரு 40 மணி படித்ததாக வைத்தாலும் மூன்று கிரெடிட் தேறாது. தினமும் கவுண்டரில் உட்கார்ந்து காசு எண்ணிக் கணக்கு முடிக்கிறவர்கள் நாங்கள். ஐந்து ரூபாய் குறைந்தால் கையிலிருந்து போடுகிறவர்கள். இந்த ஒரு பெருக்கலை அன்றைக்கே போட்டுப் பார்க்கவில்லை. 14 குடும்பத்தின் முன்னால் இதற்கு எங்களுக்குச் சமாதானம் கிடையாது.

அதே கட்டமைப்பில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு படி கொடுத்திருக்கிறார்கள். 10ஆம் வகுப்பு மூன்றாவது படி. 11ஆம் வகுப்பு மூன்றரை. 12ஆம் வகுப்பு நான்கு. பட்டப் படிப்பின் முதல் வருடம் நாலரை. பள்ளிக்கூடத்துப் பாடத்துக்கும் கிரெடிட் உண்டு என்று சொல்வது உண்மைதான். ஆனால் மூன்றரைப் படியில் சம்பாதித்த கிரெடிட் நாலரைப் படியில் தானாகப் போய் உட்காராது. பட்டம் கொடுக்கும் கல்லூரியும் பல்கலைக்கழகமும் ஏற்றுக்கொண்டால்தான் எந்தக் கிரெடிட்டும் பட்டத்தில் சேரும்.

எங்கள் தொழிலை வைத்துச் சொன்னால் எளிதில் புரியும். 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட டிக்கெட்டில் நடுவழியில் இறங்கி, தங்கி, மறுபடி ஏறிப் போகலாம். பிரேக் ஜர்னி என்பார்கள். ஆனால் இறங்கிய நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டரிடம் டிக்கெட்டில் எழுதி வாங்க வேண்டும். எழுத்து இல்லாமல் ஏறினால் டிக்கெட் பரிசோதகர் கேட்பார். டிக்கெட் வாங்கியது உண்மை, பயணம் செய்தது உண்மை, ஆனால் அது செல்லாது. கிரெடிட் வங்கி என்பது அந்த எழுத்து மாதிரி. முதல் வருடம் படித்துவிட்டு வீட்டுச் சூழ்நிலையால் வேலைக்குப் போன பிள்ளை, பிறகு திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஏழு வருடம் வரை அந்தக் கிரெடிட் செல்லும் என்று விதி சொல்கிறது. நம் சால்களில் பாதியில் நின்ற பையன்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு இது உபயோகமான ஏற்பாடுதான். நல்லதை நல்லது என்று சொல்ல நாங்கள் தயங்கவில்லை. வெறும் காகிதத்தில் நாமே எழுதிக்கொண்டு வந்து ஸ்டேஷன் மாஸ்டர் கையெழுத்து என்று காட்டுவதைத்தான் ஏற்க முடியாது.

பள்ளி மாணவன் கல்லூரிப் பாடம் படித்து உண்மையாகவே கணக்கில் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு உலகத்தில் எங்கும் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலம் 1985இல் சட்டமே கொண்டுவந்தது. அங்கே உயர்நிலைப் பள்ளியின் கடைசி இரண்டு வகுப்பு மாணவர்கள் பக்கத்துக் கல்லூரிக்குப் போய்ப் படிக்கலாம். அந்தப் பாடம் பள்ளிக் கணக்கிலும் சேரும், கல்லூரிக் கணக்கிலும் சேரும். கல்லூரிக் கட்டணத்தையும் பாடப் புத்தகச் செலவையும் அரசு ஏற்றுக்கொள்கிறது. 1990இல் வாஷிங்டன் மாநிலம் இதே மாதிரி சட்டம் போட்டது. பிறகு பல மாநிலங்கள். அமெரிக்கா முதலாளித்துவ நாடு, அங்கே எல்லாம் பாலாறு என்று சொல்ல நாங்கள் வரவில்லை. அங்கேயும் வேறு மாநிலத்துக் கல்லூரிக்கோ தனியார் பல்கலைக்கழகத்துக்கோ போனால் சில நேரம் அந்தக் கிரெடிட்டை ஏற்பதில்லை. வண்டி வசதி இல்லாத கிராமத்துப் பிள்ளைக்குக் கல்லூரிக்குப் போய்ச் சேருவதே பெரும்பாடு. ஆனாலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பணம் கட்டுவது அரசு. பாடம் நடத்துவது அங்கீகாரம் பெற்ற கல்லூரி. சேரும் என்று சொல்வது சட்டம். இங்கே நம் பிள்ளைகள் விஷயத்தில் பணம் கட்டியது இட்லிக் கூடை, பாடம் நடத்தியது வாடகை அறை, சேரும் என்று சொன்னது நோட்டீஸ்.

நம் நாட்டில் இப்போதைக்கு நம் பிள்ளைகளுக்குக் கைக்கு எட்டுவது எது? சென்னை ஐ.ஐ.டி. 2020 முதல் இணையவழிப் பட்டப் படிப்பு ஒன்று நடத்துகிறது. தரவு அறிவியல் பாடம். நுழைவுத் தேர்வுக்கு லட்சக்கணக்கில் கோச்சிங் கட்ட வேண்டியதில்லை. நான்கு வாரம் பாடம் கொடுக்கிறார்கள், வாரா வாரம் பயிற்சி, அதன்பின் நேரில் உட்கார்ந்து தேர்வு. 11ஆம் வகுப்பு மாணவனே இந்தத் தகுதித் தேர்வை எழுதலாம். தேறினால் 12ஆம் வகுப்பு முடித்தபின் சேரலாம். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கும் வருமானம் குறைந்த குடும்பத்துக்கும் கட்டணச் சலுகை இருக்கிறது. இதிலும் பள்ளியில் இருக்கும்போதே கிரெடிட் கிடைத்துவிடாது, இடம் உறுதியாகிறது, அவ்வளவுதான். பாடம் ஆங்கிலத்தில், கணக்கு கடினம். அதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

ஸ்வயம் என்ற அரசு இணையதளத்தில் கல்லூரிப் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. யார் வேண்டுமானாலும் கேட்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால்தான் கட்டணம் கட்டித் தேர்வு எழுத வேண்டும். கல்லூரியில் சேர்ந்த மாணவனுக்கு அவனுடைய கல்லூரி ஒப்புக்கொண்டால் ஒரு செமஸ்டர் பாடத்தில் 40 சதவீதம் வரை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று 2021 விதியில் இருக்கிறது. நம் பிள்ளைகள் 4,500 ரூபாய் கட்டிக் கேட்ட பாடத்தைக் காசில்லாமல் இங்கே கேட்டிருக்கலாம் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

10ஆம் வகுப்பில் இரண்டு மூன்று பாடத்தில் தவறிய பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்களுக்காக நோட்டீஸ் அடிக்க யாரும் வருவதில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் சேர்ந்தால், வேறு வாரியத்தில் தேறிய பாடங்களில் இரண்டு வரை அங்கே கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். மறுபடி எழுத வேண்டியதில்லை. ஐந்து வருடம் அவகாசம், ஒன்பது வாய்ப்பு. ஊர் மாறி ஊர் வந்த குடும்பத்துக்கு இதுதான் உண்மையான கிரெடிட். நம் வட்டாரத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்? போன வாரம் விசாரித்ததில் ஒருவர்கூட இல்லை.

இதோடு பெயர் விவகாரம் ஒன்று. பிள்ளைக்கு அபார் எண் என்று 12 இலக்க எண் ஒன்று கொடுக்கிறார்கள். மதிப்பெண்ணும் கிரெடிட்டும் அந்த எண்ணின் கீழ் சேரும் என்கிறார்கள். பெற்றோர் சம்மதம் கேட்டுப் படிவம் வரும். கையெழுத்துப் போடுமுன் படித்துப் பாருங்கள், சம்மதம் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் உரிமை. கொடுப்பதாக இருந்தால் ஆதாரில் உள்ள பெயரும் பள்ளிப் பதிவேட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கேதான் தமிழனுக்குத் தகராறு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஊரில் எடுத்த ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும். இங்குள்ள பள்ளிக்கூடத்தில் ஆட்நாவ் என்ன என்று கேட்டு, அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எழுதிவிடுவார்கள். ஒரே பிள்ளை இரண்டு பிள்ளையாகிவிடுகிறது. 12ஆம் வகுப்பு முடியும்போது அலையாமல் 8ஆம் வகுப்பிலேயே திருத்திக்கொள்ளுங்கள். அப்படியே லீவிங் சர்ட்டிபிகேட்டில் தாய்மொழி என்ற இடத்தில் தமிழ் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மொழிச் சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரிகளில் அந்த மொழிக்காரருக்கு ஒதுக்கீடு இருக்கிறது. அந்த ஒரு சொல் இல்லாததால் இடம் இழந்த பிள்ளைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

அரசாங்கத்திடம் நமக்கு ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு பக்கம் பள்ளியிலேயே கிரெடிட், காலம் மிச்சம் என்று பேசுகிறார்கள். மறு பக்கம் மூன்று வருடப் பட்டத்துக்கு மேலே நான்காவது வருடம் வைத்து, ஆனர்ஸ் பட்டம் வேண்டுமானால் அதையும் படி என்கிறார்கள். வசதியுள்ளவன் நான்கு வருடம் படிப்பான். நம் வீட்டுப் பிள்ளை ஒரு வருடத்தில் ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். வெளியே வர வழி வைத்தது சரி. திரும்பி உள்ளே போக வழிச்செலவு யார் கொடுப்பார்? இது எழுத்திலேயே இல்லை. இந்த நகரத்து அரசுக் கல்லூரிகளும் மானியம் பெறும் கல்லூரிகளும் சனிக்கிழமையில் முதல் வருடப் பாடங்களை மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஜூனியர் காலேஜ் பிள்ளைகளுக்கும் கட்டணமின்றித் திறந்துவிட வேண்டும், தேறினால் அதே பல்கலைக்கழகம் பட்டத்தில் கழித்துக்கொள்ளும் என்று எழுத்தில் தர வேண்டும். இந்தக் கோரிக்கையை மற்ற மொழிச் சங்கங்களோடும், முக்கியமாக மராத்தித் தொழிலாளர் அமைப்புகளோடும் சேர்ந்து வைக்க வேண்டும் என்று செயற்குழு கருதுகிறது. அவர்கள் பிள்ளைகளும் இதே நோட்டீஸில்தான் விழுகிறார்கள்.

இப்போது ஏழாவது பொருள். 14 குடும்பம், தலைக்கு 4,500, மொத்தம் 63,000 ரூபாய். பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி அந்த நிலையத்துக்கு எழுதியிருக்கிறோம், பதில் இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது பற்றி வக்கீல் ஒருவரிடம் பேசியிருக்கிறோம். அது முடிய நாளாகும். அதுவரை அந்தக் குடும்பங்கள் காத்திருக்க வேண்டுமா? செயற்குழுவில் இரண்டு கருத்து இருந்தது. பணம் வாங்கியது சங்கம் அல்ல, கட்டட நிதியில் கை வைக்கக் கூடாது என்று ஒரு சாரார். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. அந்த நிதி பதினோரு வருடமாக உண்டியல் குலுக்கிச் சேர்த்தது. ஆனால் அந்தத் தாயார் நோட்டீஸை நம்பிப் பணம் கட்டவில்லை. "சேர்த்துவிடுங்கள்" என்று நாங்கள் சொன்ன சொல்லை நம்பிக் கட்டினார். ஆகவே முழுத் தொகையையும் இந்த மாதமே திருப்பிக் கொடுத்துவிட்டு, வழக்கில் வரும் பணத்தை நிதிக்கு ஈடு செய்துகொள்ளலாம் என்பது எங்கள் முன்மொழிவு. விளம்பரத்துக்கு வாங்கிய 2,000 ரூபாயையும் அதில் சேர்த்துவிட்டோம். இனி எந்தப் பயிற்சி நிலையத்தின் விளம்பரமும், எந்தப் பல்கலைக்கழகம் கிரெடிட் கொடுக்கிறது என்ற கடிதத்தைப் பார்க்காமல் நம் பத்திரிகையில் வராது.

அடுத்த ஞாயிறு முதல் காலை பத்து மணிக்கு இந்த மன்றத்தில் இரண்டு கணினியோடு உட்கார்ந்திருப்போம். லீவிங் சர்ட்டிபிகேட், ஆதார், ரேஷன் கார்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். பெயர் சரிபார்க்கவும், ஸ்வயம் பாடம் தேடவும், திறந்தநிலைப் பள்ளிப் படிவம் நிரப்பவும் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் நான்கு பேர் உதவ ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி அந்தச் சான்றிதழோடு பி.காம். சேரப் போன பெண். அவளாகவே வந்து பெயர் கொடுத்தாள்.

ஓட்டெடுப்பைத் தலைவர் அவர்கள் நடத்துவார்கள். 14 குடும்பத்தாரும் தயவுசெய்து வெளியே போக வேண்டாம், இருங்கள். எதிராகக் கை தூக்குகிறவர்களும் உங்கள் முகத்தைப் பார்த்துத் தூக்கட்டும்.